டோக்கன் யாருடைய இழுப்பறையில் இருக்கிறது?

‘மின்னணுக் கொள்முதல் முறை என் வேலையை எளிதாக்கியிருக்கிறது.’ ஆய்வுக்காக நான் கொண்டுபோன வினாத்தாளில் இந்த வரிக்கு எதிரே ஐந்து கட்டங்கள். ஊராட்சிச் செயலர் ஐந்தாவதில், ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்பதில், டிக் அடித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, பென் டிரைவ் போன்ற ஒன்றை எடுத்துக் காட்டினார். தலைவரின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன். “அந்தம்மாவுக்கு எதுக்கு மேடம் வீண் அலைச்சல்? எங்கிட்டயே இருக்கு.” பாஸ்வேர்டும் அவரிடம்தான். தலைவர் தலித் பெண். பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி அது.

அரசு ஊழியர்கள் மின்னணு டெண்டரை ஏற்கிறார்களா என்று கேட்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை, 1989இல் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியில் போய் நிற்கும். பயன் தருகிறதா, எளிதாக இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகள். அமெரிக்க அலுவலகத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம். நம் அலுவலகத்தில் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: இந்த முறையால் யார் கையிலிருந்த அதிகாரம் யாரிடம் போகிறது? அதைக் கேட்காமல் எடுக்கும் சராசரியில் என் செயலர் ‘மாற்றத்தை வரவேற்கும் முன்னோடி ஊழியர்’ ஆகிவிடுவார்.

மின்னணு டெண்டரே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. டெண்டர் பெட்டி காலத்தை நம் அப்பாக்களிடம் கேட்டுப் பாருங்கள். படிவம் வாங்கப் போனால் “தீர்ந்துபோச்சு” என்பார் எழுத்தர். கடைசி நாளில் பெட்டியைச் சுற்றி ஆள் நிற்கும். எந்தத் தெருக்காரர் படிவம் வாங்கினார் என்ற செய்தி மாலைக்குள் ஒப்பந்ததாரர் கூட்டணிக்குப் போய்விடும். அந்தக் கவுன்டரை இணையம் உடைத்தது பெரிய விஷயம். தொடக்கத்தில் பல ஊழியர்கள் முணுமுணுத்ததைக் ‘கணினி பயம்’ என்று எழுதியவர்கள், அவர்கள் எதை இழந்தார்கள் என்று பார்க்கவில்லை.

பிறகு பழகிக்கொண்டார்கள். எப்படிப் பழகினார்கள் என்பதற்குச் சத்தீஸ்கர் சாட்சி. அம்மாநில மின்னணு டெண்டரை ஆராய்ந்து 2019இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, 4,601 கோடி ரூபாய் மதிப்புள்ள 1,921 டெண்டர்களில் அதிகாரிகளும் ஒப்பந்ததாரர்களும் ஒரே கணினிகளைப் பயன்படுத்தியிருந்ததைக் கண்டுபிடித்தது. மொத்தம் 74 கணினிகள். டெண்டர் விட்ட கணினியிலிருந்தே டெண்டர் போட்டிருக்கிறார்கள். இதைவிட முழுமையான ‘ஏற்பு’ வேறென்ன வேண்டும்?

கவுன்டரில் தடுக்க முடியாததை இப்போது நிபந்தனையில் தடுக்கலாம். மூன்று ஆண்டு விற்றுமுதல் இவ்வளவு, இதே அளவு வேலை முன்பு செய்த சான்று, இயந்திரம் சொந்தமாக இருக்க வேண்டும். தலைமுறையாகச் சொத்து மறுக்கப்பட்டவருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு சுவர். ஆனால் கணினித் திரையில் அது ‘தொழில்நுட்பத் தகுதியின்மை’. அதையும் தாண்டி வேலை கிடைத்துவிட்டால் எம்-புக்கில் அளவு எழுதும்போது காத்திருப்பு, பில்லுக்குக் காத்திருப்பு. வட்டிக்கு வாங்கி வேலை செய்தவர் அதற்குள் நொடிந்துவிடுவார்.

ஒன்றிய அரசின் 2012 கொள்முதல் ஆணை, பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் 4 விழுக்காடு வாங்கச் சொல்கிறது. பல ஆண்டுகளில் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. கர்நாடகம் ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட தொகை வரையிலான அரசுப் பணிகளில் 24.1 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சட்டத்திலேயே ஒதுக்கியது. இதைக் கேட்டுப் பெறுவதுதான் அரசியல். மென்பொருள் தானாக இதைத் தராது.

ஒரு சின்ன வேலையையாவது உடனே செய்யலாம். எந்த டோக்கன் எந்தக் கணினியில், எத்தனை மணிக்குப் பயன்பட்டது என்பதைப் பதிவுசெய்யத் தொழில்நுட்பம் இருக்கிறது. அந்தப் பதிவை ஊராட்சித் தலைவருக்கும் கிராம சபைக்கும் கொடுக்கட்டும்.

என் வினாத்தாளில் ஒரு கேள்வியைப் பிறகு சேர்த்தேன்: ‘உங்கள் அலுவலகத்தில் கையொப்ப டோக்கன் யாரிடம் இருக்கிறது?’ அடுத்து நான் போன அலுவலகத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் டிக் அடித்த எழுத்தர், அதை மட்டும் வெற்றாக விட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இதெல்லாம் எதுக்கும்மா உங்க பிஎச்டிக்கு?”