விதை நம் உரிமை என்று சட்டம் சொல்கிறது, கோர்ட்டில் யார் சொல்வது?

விதைத் திருவிழாக்களில் இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "அண்ணே, நாம இப்படி விதையைக் கைமாத்திக்கிறோமே, நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரனாவது கேஸ் போட்டா என்ன பண்றது?" கேட்பவரின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். குஜராத்தில் அது நடந்தே விட்டது.

2019 ஏப்ரலில் சபர்கந்தா மாவட்டத்து உருளைக்கிழங்கு விவசாயிகள் நான்கு பேர் மேல் பெப்சிகோ நிறுவனம் அகமதாபாத் வணிக நீதிமன்றத்துக்குப் போனது. சிப்ஸ் போட உதவும் எஃப்.எல். 2027 என்ற ரகத்தை அது 2016-ல் தன் பெயரில் பதிவு செய்திருந்தது. தன் அனுமதி இல்லாமல் அதைப் பயிரிட்டதற்காக, ஆளுக்கு 1 கோடியே 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டது. நீதிமன்றம் விவசாயிகள் தரப்பைக் கேட்பதற்கு முன்பே இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. சின்ன நிலத்தை வைத்துப் பிழைக்கிற சம்சாரி, கோடிக் கணக்கில் வந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இத்தனைக்கும் சட்டம் அந்த விவசாயிகள் பக்கம்தான் இருந்தது. 'பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2001' என்று பெயர். அதன் 39-வது பிரிவை நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட ரகமாகவே இருந்தாலும், அதன் விளைச்சலையும் விதையையும் உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. தடை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பதிவு ரகத்தின் பெயர் போட்ட லேபிளோடு பையில் அடைத்து விதையாக விற்கக் கூடாது. 42-வது பிரிவு இன்னொரு பாதுகாப்பும் தருகிறது. இப்படி ஒரு பதிவு இருப்பதே தெரியாமல் பயிரிட்ட விவசாயி உரிமையை மீறியவராகக் கருதப்பட மாட்டார்.

அப்படியென்றால் ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கி, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தோமே, அது? யார் பெயரிலும் பதிவாகாத நம் பாரம்பரிய ரகங்களுக்கு இந்தச் சட்டப்படி எந்தக் கம்பெனியும் சொந்தம் கொண்டாட முடியாது. பதிவான ரகமாக இருந்தால்கூட, உழவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதை 39-வது பிரிவு காக்கிறது.

குஜராத் வழக்குக்கு வருவோம். நாடு முழுக்க உழவர் அமைப்புகள் எதிர்ப்புக் காட்டின. 2019 மே மாதம் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. நாமும் வெற்றி என்று கொண்டாடினோம். ஆனால் வழக்கு நடக்காததால், 39-வது பிரிவு அந்த விவசாயிகளை எந்த அளவுக்குக் காக்கிறது என்று அந்தக் கோர்ட்டில் தீர்ப்பே வரவில்லை. இதை நாம் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த கட்டத்தைப் பாருங்கள். விவசாயிகள் தரப்பில் கவிதா குருகந்தி கொடுத்த மனுவின் பேரில், 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவை ஆணையம் ரத்து செய்தது. 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதியும் அதை ஏற்றார். 2024 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. விண்ணப்பத்தில் இருந்த குறைகள் பதிவையே ரத்து செய்யும் அளவுக்குப் பெரியவை அல்ல, விவசாயிகள் மேல் வழக்குப் போட்டதையும் அதற்குக் காரணமாகக் கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டது.

அந்தத் தீர்ப்பு 39-வது பிரிவை எடுத்துவிடவில்லை. நம் உரிமை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் போராட்டத்தால் வழக்கை வாபஸ் வாங்க வைக்கலாமே தவிர, தீர்ப்பை வாங்க முடியாது. தீர்ப்பு வேண்டுமானால் கோர்ட்டில் நம் தரப்பு ஆள் நிற்க வேண்டும், மேல்முறையீடு வரைக்கும் நிற்க வேண்டும். கம்பெனிக்கு அதற்கென்றே வக்கீல்கள் இருக்கிறார்கள். நமக்கு?

விவசாயி கோர்ட்டுக்குப் போய் ஜெயிக்கவே முடியாது என்று நினைக்க வேண்டாம். விதை பொய்த்துப்போன வழக்குகளில் 2012-ல் உச்ச நீதிமன்றம் (தேசிய விதைக் கழகம் எதிர் மதுசூதன் ரெட்டி) நல்ல தீர்ப்பு கொடுத்தது. விதை வாங்குகிற விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. பரிசோதனைக்கு விதை மாதிரி எங்கே என்று விவசாயியைக் கேட்பதில் நியாயம் இல்லை, வாங்கிய விதையை அவர் விதைத்துத்தானே இருப்பார் என்றும் ஏற்றுக்கொண்டது. இந்த ஒரு வாதத்தைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்ல ஆள் இருந்ததால் நாட்டில் உள்ள எல்லா விவசாயிக்கும் பலன் கிடைத்தது.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். 2001 சட்டத்தின் 44-வது பிரிவின்படி, இந்தச் சட்டத்தின் கீழ் ஆணையத்திலோ உயர் நீதிமன்றத்திலோ வழக்கு நடத்த உழவருக்குக் கட்டணமே கிடையாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. குடியிருக்கிற ஊரிலேயே மனு கொடுக்கலாம், வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், வெள்ளம், வறட்சியால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேட்க வேண்டும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இயக்கத்துக்கு என் யோசனை இதுதான். பஞ்சகவ்யம் தயாரிக்க, மீன் அமிலம் தயாரிக்கப் பயிற்சி நடத்துகிறோம். வருஷத்துக்கு ஒரு நாளை விதைச் சட்டத்துக்கு ஒதுக்குவோம். நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சட்டக் கல்லூரியில் படிக்கிறார்கள். மாவட்டத்துக்கு இரண்டு பேரையாவது கண்டுபிடித்து, இந்தச் சட்டத்தைக் கரைத்துக் குடிக்கச் சொல்வோம். 39, 42, 44 மூன்று பிரிவுகளையும் எளிய தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, விதைத் திருவிழாவில் விதையோடு சேர்த்துக் கொடுப்போம்.

வீட்டளவில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடையில் விதை வாங்கினால் ரசீதையும் பையையும் அறுவடை முடியும்வரை தூக்கி எறியாதீர்கள். விதை மாற்றிக்கொள்ளும்போது யாரிடம், என்ன ரகம், என்றைக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோர்ட்டில் இருந்து எந்தக் காகிதம் வந்தாலும் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். அன்றைக்கே அமைப்புக்குச் சொல்லுங்கள். குஜராத்தில் முதல் உத்தரவு வந்தபோது கேட்கப்படாமல் போனது விவசாயியின் குரல்தான். நம் ஊருக்கு அப்படி ஒரு வழக்கு வந்தால், முதல் வாய்தாவிலேயே நம் ஆள் எழுந்து நிற்க வேண்டும்.