முடியற கேம், முடியாத கேம்

சமீபத்தில் ஆடி முடிச்ச மூணு வீடியோ கேம் பற்றி ஒரு நீளமான த்ரெட். நடுவுல ஒரு பேஷண்ட் கதையும் வரும், உண்மையில் அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். "டாக்டருக்கு கேம் ஆட ஏது நேரம்?" என்று கேட்பவர்களுக்கு: நீங்க ஐபிஎல் பார்க்கிற நேரம்தாங்க.

முதலில் வெண்பா. 2023-ல் வந்தது, டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்கிற சின்னக் குழுவோட படைப்பு. அடுத்த வருஷமே அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. 1980-களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, கறை படிந்து கிடக்கும். விட்டுப்போன வரியை நாம யூகித்துச் சமைக்கணும். அவ்வளவுதான் கேம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

திண்டிவனம் வீட்டில் ஹால் டிவியில் போட்டு ஆடிக்கொண்டிருந்தேன். முதல் சமையலே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் புதிர். எம்பிபிஎஸ், எம்டி படித்த நான் குழிக்கு நேர் மேலே குழி வைத்துவிட்டேன். பின்னாலிருந்து அம்மா, "டேய், தட்ட திருப்பி வைடா. இப்படி வெச்சா மேல் தட்டு கீழ இருக்கிற இட்லிய அமுக்கிடும், ஆவி எப்படிப் போகும்?" என்றார். திருப்பி வைத்தேன். சரியாக வந்தது. அதற்குப் பிறகு கன்ட்ரோலர் என் கையில், மூளை அவங்களுது. வளர்ந்துவிட்ட கவின் தமிழில் இருக்கும் குறிப்பைப் படிக்கத் திணறும் இடத்தில் மட்டும் அம்மா ஒன்றும் பேசவில்லை. என் அக்கா பிள்ளைகள் இருப்பது நியூ ஜெர்சியில்.

குறை இல்லாமல் இல்லை. தப்பாகச் சமைத்தால் பெரிய நஷ்டம் எதுவும் கிடையாது, திரும்பப் பண்ணலாம். கொஞ்சம் கருகியிருக்கலாம் என்று தோன்றியது.

இரண்டாவது, ஹெல்பிளேடு: செனுவாஸ் சாக்ரிஃபைஸ். 2017. வாள்சண்டை கேம் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன். கதாநாயகி செனுவாவுக்கு சைக்கோசிஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநல மருத்துவர் பால் ஃப்ளெட்சரையும், அந்த அனுபவத்தோடு வாழ்கிறவர்களையும் கலந்து பேசிச் செய்திருக்கிறார்கள். ஹெட்போன் மாட்டித்தான் ஆடணும். குரல்கள் இடது காதில் ஒன்று, பின்மண்டையில் ஒன்று, சட்டென்று வலது தோளுக்குப் பின்னால் ஒன்று. "இவளால முடியாது", "திரும்பிப் போ", நடுவில் ஒரு சிரிப்பு. என்ன கொடுமை என்றால், அதில் ஒரு குரல் சில சமயம் உண்மையிலேயே உதவி செய்யும், பின்னால் வருகிற எதிரியைக் காட்டிக்கொடுக்கும். அப்புறம் எப்படிங்க அந்தக் குரலை "கண்டுக்காதே" என்று சொல்ல முடியும்?

நான் மனநல மருத்துவர் இல்லை, பொது மருத்துவம். ஓபியில் "காதுல ஏதாவது குரல் கேக்குதா?" என்று கேட்டு, ஆம் என்றால் சைக்கியாட்ரிக்கு சீட்டு எழுதி அனுப்பிவிடுவேன். இந்த கேமுக்கு அப்புறம் இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: "அது உங்களை என்ன பண்ணச் சொல்லுது?" சைக்கியாட்ரி நண்பனிடம் சொன்னேன். "இத நாங்க தேர்ட் இயர்லயே சொல்லிக்கொடுத்தோம், நீதான் தூங்கிட்ட" என்றான்.

மூன்றாவது, தட் டிராகன், கேன்சர். 2016. ரயன் கிரீன், ஏமி கிரீன் என்கிற தம்பதி தங்கள் மகன் ஜோயலைப் பற்றிச் செய்தது. ஒரு வயதில் மூளைக்கட்டி, ஐந்து வயதில் இறந்துவிட்டான். பாதி கேம் செய்துகொண்டிருந்தபோதே குழந்தை போய்விட்டது. இதில் டாக்டர் "இனி செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்லும் ஒரு காட்சி உண்டு. அதே பேச்சை அப்பாவின் மனசிலிருந்து, அம்மாவின் மனசிலிருந்து, டாக்டர்களின் மனசிலிருந்து மாற்றி மாற்றிக் கேட்கலாம். அறைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். இன்னொரு காட்சியில் குழந்தை அழுதுகொண்டே இருக்கும், எந்த பட்டனை அழுத்தினாலும் நிற்காது. நான் அங்கே நிறுத்திவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் திரும்ப ஆரம்பித்தேன். உங்கள் வீட்டில் சமீபத்தில் யாரையாவது இழந்திருந்தால் இதை இப்போ ஆடாதீங்க.

இந்த மூன்றுக்கும் ஒரே ஒரு ஒற்றுமை. முடியும். பெயர்கள் ஓடும், திரை கறுப்பாகும், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பீங்க.

இப்போ பேஷண்ட். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்றேன். பிளஸ் ஒன் பையன், தலைவலி, தூக்கமில்லை, எடை குறைந்திருக்கு. கூட வந்த அம்மா, "சார், எந்நேரமும் கேம் சார். நீங்க திட்டுங்க, நீங்க சொன்னாதான் கேப்பான்" என்றார். பரிசோதித்தேன், ரத்தம் பார்த்தோம், உடம்பில் பெரிதாக ஒன்றுமில்லை. எத்தனை மணி நேரம் ஆடுற என்று கேட்கவில்லை. "அந்த கேம் எப்ப முடியும் தம்பி?" என்று கேட்டேன்.

என்னைப் புரியாமல் பார்த்தான். "அது முடியாது சார்."

முடியாதுதான். அது அப்படித்தான் கட்டப்பட்டிருக்கு. தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் கணக்கு முதலிலிருந்து. நடுவில் எழுந்தால் கூட ஆடுகிற மூணு பேரும் தோற்பார்கள், திட்டு வேற. விழுப்புரம் ரயிலில் கண்ணால் பார்த்தேன், முண்டியம்பாக்கத்தில் இறங்க வேண்டிய காலேஜ் பையன் மேட்ச் முடியலை என்று தலை நிமிராமல் விழுப்புரம் வரை வந்துட்டான். இது போதாதென்று, காசு போட்டுத் திறக்கிற பெட்டி. உள்ளே என்ன வரும் என்று தெரியாது. எத்தனை தடவை கொத்தினால் தீனி விழும் என்று தெரியாத புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை ஸ்கின்னர் எப்பவோ காட்டிவிட்டார். பெல்ஜியம் 2018-லேயே இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. நம்ம ஊரில் காசு கட்டி ஆடும் ரம்மி வகையறாவுக்கு 2025-ல் மத்தியச் சட்டமே தடை போட்டாச்சு. இந்தப் பெட்டி பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏன்னா கேம் "ஃப்ரீ".

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11-ல் கேமிங் டிஸார்டர் என்று ஒன்று இருக்கு. அதன் வரையறையில் மணிக்கணக்கு கிடையாது. கட்டுப்பாடு போயிருக்கா, மற்ற எல்லாவற்றையும் விட அது முக்கியமாகிவிட்டதா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறதா, இதெல்லாம் பொதுவாக ஒரு வருஷமாவது நீடிக்கிறதா என்பதுதான் கேள்வி. நாம என்ன பண்றோம்? இட்லி அவிக்கிற கேமையும் பெட்டி திறக்கிற கேமையும் ஒரே மூட்டையில் கட்டி "போனைப் பிடுங்குங்க" என்று சொல்லி அனுப்புறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் சொன்னேன்.

எனக்கு யோக்கியதை இருந்து சொன்னேனா என்றால் இல்லை. பிஜி படிக்கும்போது ஒரு ஃப்ரீ கேமில் மாட்டி எட்டு மாதம் கிடந்தேன். ஒரு நைட் டியூட்டியில் வார்டிலிருந்து வந்த போனை மேட்ச் நடுவில் கட் பண்ணினேன், இரண்டு தடவை. சிஸ்டர் வந்து கதவைத் தட்டினார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, சர்க்கரை இறங்கியிருந்தது, டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினோம். சிஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலை அழித்த கேமை இன்று வரை திரும்ப ஏற்றவில்லை. இதை வெளியில் சொல்வது இதுதான் முதல் தடவை.

அந்தப் பையனுக்கு என்ன சொன்னேன்? இரவு பத்துக்கு மேல் போன் அம்மா அறையில். காலைச் சாப்பாடு கட்டாயம். இரண்டு வாரம் கழித்து ரிவ்யூ, அப்பவும் தூக்கம் வரலைன்னா சைக்கியாட்ரி. அப்புறம், வீட்டில் அக்காவுக்கு ஸ்கூலில் கொடுத்த அரசு லேப்டாப் சும்மா கிடக்கு என்றான். சரி, கேம் ஆடணும்னா அதில் ஆடு, முடியற கேமா ஆடு என்று ஐஜிஐ பெயரைச் சொன்னேன். 2000-ல் வந்தது, திண்டிவனம் பிரவுசிங் சென்டரில் நாங்கள் காசு சேர்த்து ஆடியது. அம்மாவுக்கு அதிர்ச்சி. "திட்டச் சொன்னா வேற கேம எழுதிக் குடுக்கறீங்களே சார்!"

ரிவ்யூவுக்கு வந்தான். தூக்கம் பரவாயில்லை, எடை ஒரு கிலோ ஏறியிருக்கு. பழைய கேமை இன்னும் முழுசாக விடவில்லை, மறைக்காமல் சொன்னான். கிளம்பும்போது கதவருகே நின்று, "சார், அந்த ஐஜிஐ-ல நடுவுல சேவ் பண்ணவே முடியல, செத்தா முதல்லேர்ந்து வருது" என்றான்.

"ஆமா," என்றேன். "எத்தனாவது மிஷன்?"

"மூணு சார்."