பெயர் சூட்டினால் போதுமா?

பெயர் சூட்டுவதில் தமிழர் வல்லவர். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நடந்து செல்வோர் இதனை நன்கு அறிவர். தெய்வத்தின் பெயர், தாயின் பெயர், முன்னோர் பிறந்த ஊரின் பெயர் எனக் கடைதோறும் பெயர்கள் பொலிகின்றன. ஆயின், அப்பெயர் எப்பண்டத்துக்கு உரியது என்று சட்டம் வினவுமிடத்து நம்மவருள் பலர் வாய் திறப்பதில்லை. ‘அதெல்லாம் வழக்குரைஞர் வேலை’ என ஒதுங்கிவிடுகின்றனர். இவ்வொதுக்கம் கேடு பயப்பது. இதனைப் போக்கும் கடமை தமிழாசிரியர்க்கும் உண்டு என்பதே என் வாதம்.

வணிகச் சின்னம் ஒன்றைப் பதிவு செய்வதனால் அச்சொல் முழுவதும் ஒருவர்க்கு உடைமையாகிவிடாது. எப்பண்டத்துக்கும் எப்பணிக்கும் அதனை வழங்குவதாகக் குறிக்கின்றாரோ, அவற்றைச் சார்ந்தே உரிமை பிறக்கிறது. இதற்கென 1957ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு நீஸ் நகரில் ஓர் உடன்பாடு உருவாயிற்று. அதன்வழி வளர்ந்த வகுப்புகள் இன்று 45. முதல் 34 பண்டங்களுக்கும், எஞ்சிய 11 பணிகளுக்கும் உரியவை. மலேசியா 2007ஆம் ஆண்டு இவ்வுடன்பாட்டில் இணைந்தது.

தேங்காயைக் கொண்டே இதனை விளக்கலாம். மரத்தினின்று இறக்கிய தேங்காய் 31ஆம் வகுப்பு. அதனை ஆட்டியெடுத்த சமையல் எண்ணெய் 29. கூந்தலுக்குப் பூசும் எண்ணெயாயின் 3. மட்டையினின்று பிரித்த நார் 22. மரம் ஒன்று; வகுப்புகள் நான்கு! கிள்ளானில் மசாலைத்தூள் அரைத்து விற்பவர் ஒருவர் தம் பெயரை 30ஆம் வகுப்பில் பதிகிறார் என்க. பின்னர் அதே பெயரில் ஊறுகாய் விற்கிறார், அது 29. உணவகம் திறக்கிறார், அது 43. முதற்பதிவு இவற்றுக்கும் தானே நீளும் என்று நம்பியிருப்பாராயின், ஏமாற்றம் அவருக்காகக் காத்திருக்கும்.

‘எல்லா வகுப்புகளிலும் பதிந்துவிட்டால் என்ன?’ என்பார் உளர். 2019ஆம் ஆண்டுச் சட்டம் பல வகுப்புகளுக்கு ஒரே விண்ணப்பம் போதும் என்கிறது. ஆனால் கட்டணம் வகுப்புதோறும் செலுத்தவேண்டும். மூன்றாண்டுகள் தொடர்ந்து வழங்காத சின்னத்தை நீக்கக் கோரவும் அச்சட்டத்தில் வழியுண்டு. ஆதலின் அறியாமையைப் போலவே பேராசையும் பயன் தராது. வேண்டுவது வகுத்தறியும் திறன் ஒன்றே.

சொல்லுக்கு விலையுண்டு என்பதை அதே ஆண்டின் விதிகள் காட்டின. அலுவலகம் முன்னரே ஏற்ற பட்டியற்சொற்களால் பண்டத்தைக் குறித்தால் வகுப்பொன்றுக்கு 950 ரிங்கிட். சொந்தச் சொற்களால் குறித்தால் 1,100 ரிங்கிட். உரிய சொல் அறியாமையின் விலை 150 ரிங்கிட்! சிறு வணிகர்க்கு இது சிறு தொகையோ?

கோலாலம்பூர் ஈப்போ சாலையில் நம்மவர் நடத்திய ‘மெக்கறி’ உணவகத்தின் மீது மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கை நாடறியும். 2006இல் உயர்நீதிமன்றம் பெருநிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. அவ்வாண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மெக்டோனல்ட்சின் வேண்டுகோளை ஏற்கவில்லை. அது வகுப்பு பற்றிய வழக்கன்று. பிறர் நற்பெயரைத் தமதெனக் காட்டி வணிகம் செய்ததாக எழுந்த வழக்கு. எனினும் அதன் பாடம் நமக்குரியது. பெயரின் முதலெழுத்துகள் ஒத்திருப்பதை மட்டும் நோக்காது, உணவு எத்தகையது, பெயர்ப்பலகை எவ்வாறு உள்ளது, உண்ண வருவோர் யாவர் என நீதிமன்றம் வேறுபடுத்தி ஆராய்ந்தது. வகுத்து நோக்கியமையால் நீதி கிடைத்தது.

வகுத்து நோக்குதல் நமக்குப் புதிதோ? சொற்களை உயர்திணை, அஃறிணை எனப் பிரித்தோம். எழுத்தை உயிர், மெய் என்றோம். நிலத்தை ஐந்திணை ஆக்கினோம். இவற்றையெல்லாம் இளஞ்சிறார்க்குப் பயிற்றும் நாம், ஒரு மளிகைக் கடையின் பண்டங்களை வகுத்துரைக்கத் தமிழால் இயலாது என்று எண்ணுவது நகைப்புக்குரியது. இயலும்; நாம் முயலவில்லை.

‘விண்ணப்பம் தமிழில் இல்லையே; தமிழில் கற்று யாது பயன்?’ என்று சிலர் மறுக்கலாம். தாய்மொழியில் தெளிந்தவனே பிறமொழியிலும் திருத்தமாக எழுதுவான். மேலும், தமிழெழுத்தில் அமைந்த சின்னத்தைப் பதிய வேண்டின், அதன் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தருதல் வேண்டும். அப்பணிக்குத் தக்கார் தமிழறிந்தோர் அல்லரோ?

ஆசிரியப் பெருமக்களே! 45 வகுப்புகளின் தலைப்புகளையும் நல்ல தமிழில் பெயர்த்துப் பள்ளிகளில் வைப்போம். பயிற்சி ஆசிரியர்கள் இப்பணியைத் தொடங்கட்டும். மாணவர்கள் தம் தெருக்கடைப் பண்டங்களைப் பட்டியலிட்டு வகைப்படுத்தட்டும். அம்மாணவருள் பலர் நாளைய வணிகர்; பலர் வணிகரின் பிள்ளைகள். மேடையில் மட்டும் முழங்கும் மொழி நாளடைவில் மேடையோடு நின்றுவிடும். கடைத்தெருவிலும் கணக்கேட்டிலும் உரிமைப் பத்திரத்திலும் உதவும் மொழியே வாழும். அவ்வாழ்வைத் தமிழுக்குத் தருதல் நம் கையில் உள்ளது.