பட்டியலை விடுவோம், படம் வரைவோம்

ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்வதென்றால் நம்மில் பலருக்கும் வேப்பங்காய்தான். இருபது சொற்களை வரிசையாக எழுதி, எதிரே பொருளும் எழுதி உருப்போடுகிறோம். தேர்வு முடிந்ததும் பாதி மறந்துபோகிறது. குறை நம் மூளையிலா, பட்டியலிலா? பட்டியலில்தான் என்பது எங்கள் கருத்து. அதில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் உறவே இல்லை.

இதற்கு மாற்று மனவரைபடம். தாளின் நடுவே ஒரு சொல்லை எழுதி, அதோடு தொடர்புள்ள சொற்களைக் கிளைகளாக வரைவதே அம்முறை. 1974இல் இங்கிலாந்தின் டோனி பூசான் பி.பி.சி. தொலைக்காட்சி வழியே இதைப் பரப்பினார்.

ஆனால் சொற்களை இனம் சேர்ப்பது நமக்குப் புதிதன்று. திவாகர நிகண்டு தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் எனப் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தது. இத்தாலியில் பிறந்து, இங்கு வந்து தமிழ் கற்ற இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை இயற்றினார். சொற்களை அகர வரிசையில் அடுக்கியதோடு அவர் நிற்கவில்லை. ஒரு பொருளின் பல பெயர்களுக்கு ஒரு பகுதி, தொகைகளுக்கு ஒரு பகுதி என நான்காக வகுத்தார். அயல்மொழியைக் கற்றுத் தேர்ந்தவர் காட்டிய வழி நமக்கும் உதவாதா?

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். நடுவில் 'மேங்கோ' என்று எழுதுவோம். தோப்பு 'ஆர்ச்சர்ட்', பறிப்பது 'பிளக்', பழுத்தது 'ரைப்', கூழ் 'பல்ப்', வெளிநாட்டுக்கு அனுப்புவது 'எக்ஸ்போர்ட்' என்று கிளைகள் விரியும். தோப்பிலிருந்து கூழ் ஆலை வரை நாம் கண்ட காட்சியே சொற்களைக் கோத்துவிடுகிறது. தெலுங்கும் கன்னடமும் பேசும் தோழியர் 'பண்டு', 'ஹண்ணு' என்று ஓரத்தில் எழுதினால், நம் 'பழம்' என்ற சொல்லின் உடன்பிறப்புகள் அவை என்பதும் விளங்கும். 'மேங்கோ' என்பதே நம் தென்னாட்டு 'மாங்காய்' போர்த்துக்கீசியர் வாயிலாக ஆங்கிலம் சென்ற உருவம் அல்லவா!

ஓர் எச்சரிக்கை. 'லெஃப்ட்', 'ரைட்' போன்ற இரட்டைச் சொற்களை ஒரே நாளில் புதிதாகக் கற்றால் ஒன்றோடொன்று குழம்பும். ஒன்று நன்கு பதிந்த பின்பே மற்றதைச் சேர்க்க வேண்டும். பிறர் வரைந்த படத்தைப் பார்த்து எழுதுவதிலும் பயனில்லை. கிளையை நாமே தேட வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் வாக்கியத்தில் வைத்துப் பேச வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

படம் வரைய நேரமேது என்று பெற்றோர் கேட்கலாம். மறந்ததையே மீண்டும் மீண்டும் உருப்போட மட்டும் நேரமிருக்கிறதா? வாரம் ஒரு பக்கம் போதும். சொல் தேர்வில் ஒரு படத்துக்கும் மதிப்பெண் தருமாறு அருட்சகோதரியரையும் ஆசிரியைகளையும் பணிவுடன் வேண்டுகிறோம்.

குருபரப்பள்ளியில் சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது. நாளை அங்கே நேர்முகத் தேர்வில் அமரும் நம் தோழி, விடை தெரிந்தும் சொல் கிடைக்காமல் தலைகுனிந்து திரும்பக் கூடாது. அதற்கான முதல் கிளையை இன்றே வரைவோமாக!