ஒரே சின்னம், இரு வரலாறுகள்

கோயில் சுவரிலும் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் சுவஸ்திகா சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ‘நலம்’ எனப் பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. சிந்துவெளி முத்திரைகளிலும் இச்சின்னம் உள்ளது. இந்துக்களைப் போலவே பௌத்தர்களும் சமணர்களும் இதைப் புனிதமாகக் கருதுகின்றனர். 1922இல் சீனாவில் தோன்றிய ஓர் அறப்பணி இயக்கம் தன் பெயரிலேயே இதைச் சேர்த்துக்கொண்டது. அவ்வியக்கம் 1951இல் சிங்கப்பூரில் நிறுவிய ரெட் சுவஸ்திகா பள்ளி இன்றும் அப்பெயரில் இயங்குகிறது.

ஐரோப்பாவிலோ நிலைமை வேறு. 1920இல் ஹிட்லரின் நாஜிக் கட்சி இவ்வடிவத்தைத் தன் கொடியில் பொறித்தது. பின்னர் அக்கட்சியின் ஆட்சியில் ஏறத்தாழ 6 மில்லியன் யூதர்கள் கொல்லப்பட்டனர். இன்று ஜெர்மனியில் நாஜிச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவது குற்றமாகும். கல்வி, கலை போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

“நம் சின்னம்தானே பழமையானது, நாம் ஏன் தயங்க வேண்டும்?” என்று சிலர் கேட்கின்றனர். நாம் அதைக் கைவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்தும். ஆயினும், பழமை மட்டுமே போதிய பதிலாகாது. உறவினரைப் பறிகொடுத்த குடும்பத்தினருக்கு இவ்வடிவம் மரணத்தையே நினைவூட்டும். அவர்களின் அச்சத்தை அறியாமை என ஒதுக்குவது முறையன்று.

எனவே, வெளிநாட்டு நண்பர் ஒருவர் நம் வீட்டு வாசலில் இச்சின்னத்தைக் கண்டு திகைத்தால், சினம் கொள்ளாமல் அதன் பொருளை விளக்குங்கள். பிறகு, அவர் சொல்வதையும் பொறுமையாகக் கேளுங்கள்.