நாலு கதவு ராட்சசன்!

1979-ல் வந்த முதல் 'மேட் மேக்ஸ்' படம் பார்த்திருக்கீங்களா? அதுல மெல் கிப்சன் ஓட்டுற கறுப்பு கார் ஏதோ அமெரிக்க வண்டின்னுதான் ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். இல்லை பாஸ்... 1973 மாடல் ஃபோர்டு ஃபால்கன் எக்ஸ்.பி. அக்மார்க் ஆஸ்திரேலியத் தயாரிப்பு! 'மெக்கானிக்கல் படிச்சுட்டு இதுகூடத் தெரியலையே'னு வெட்கப்பட்டுத் தோண்ட ஆரம்பிச்சேன். சிக்கினது சூப்பர் கதை.

மஸில் கார்னா சிம்பிள். சாதாரண காருக்குள்ள பெரிய இன்ஜினைத் தூக்கி வைக்கிறது. அமெரிக்காக்காரங்க பெரும்பாலும் ரெண்டு கதவு வண்டியில் அதைச் செஞ்சாங்க. ஆஸ்திரேலியாக்காரங்களோ, குடும்பமே உட்கார்ந்து போற நாலு கதவு செடானையும் விட்டு வைக்கலை.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு மலை. சிட்னிக்கு மேற்கே பாத்தர்ஸ்ட் ஊரில் இருக்கிற மவுன்ட் பனோரமா. ஒரு சுற்று 6.2 கி.மீ. ரேஸ் இல்லாத நாளில் அது பப்ளிக் ரோடு. மணிக்கு 60 கி.மீ.-ஐத் தாண்டினா ஃபைன்தான்! அங்கே அப்போ இருந்த ரூல் இதுதான்: ரேஸில் ஓடுற கார், ஷோரூமில் யார் வேணும்னாலும் வாங்கக்கூடிய காரா இருக்கணும். அதாவது ஜெயிக்கணும்னா, ஜெயிக்கிற வண்டியையே ஜனங்களுக்கு வித்தாகணும்.

அப்படி 1971-ல் பிறந்ததுதான் ஃபால்கன் ஜி.டி.ஹெச்.ஓ. ஃபேஸ் 3. 5.8 லிட்டர் வி-8 இன்ஜின். பெட்ரோல் டேங்க் மட்டும் 164 லிட்டர்! ரேஸ் நடுவில் அடிக்கடி நிறுத்தி பெட்ரோல் போடக் கூடாதே, அதுக்குத்தான். செஞ்சது மொத்தம் 300 கார். அந்த வருஷம் ஆலன் மொஃபட் இதை ஓட்டித்தான் பாத்தர்ஸ்ட்டில் ஜெயிச்சார்.

'பெரிய இன்ஜின்தான் கெத்து'னு முடிவு கட்டிடாதீங்க. 1972-ல் கிரைஸ்லர் கம்பெனி, சார்ஜர் ஈ-49 காரில் வெறும் ஆறு சிலிண்டரை வெச்சு, மூணு வெபர் கார்புரேட்டரை மாட்டி 302 குதிரைசக்தி எடுத்தாங்க. அதே வருஷம் கொட்டுற மழையில் பீட்டர் பிராக், குட்டியூண்டு ஹோல்டன் டொரானாவில் வந்து வி-8 ஃபால்கன்களுக்குத் தண்ணி காட்டினார்!

இந்த ஆட்டத்துக்கு முற்றுப்புள்ளி வெச்சது ஒரு பேப்பர் செய்தி. 1972 ஜூனில், 160 மைல் வேகத்தில் பறக்கிற கார்கள் ரோட்டுக்கு வரப்போகுதுனு சிட்னி பத்திரிகை ஒண்ணு எழுத, அரசாங்கம் கொதிச்சுது. 'சின்னப் பசங்க கையில் இதைக் கொடுக்கிறதா?'னு பெற்றோர்களுக்கும் பயம். நியாயமான பயம்தானே? ஃபேஸ் 4 நாலு காரோட நின்னுபோச்சு.

அப்புறம் 2016-ல் ஃபோர்டு, 2017-ல் ஹோல்டன்னு ஆஸ்திரேலியாவில் கார் தயாரிக்கிறதையே நிறுத்திட்டாங்க. இனி அங்கே இப்படி ஒண்ணு பிறக்காதுனு ஆனதும், ரசிகர்களுக்கு இந்தப் பழசுங்க மேல பாசம் இன்னும் கூடிப்போச்சு. வேகப்பந்து புயல் ஜெஃப் தாம்சன் ஒரு காலத்தில் வெச்சிருந்த ஃபேஸ் 3, 2018-ல் 10 லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போச்சு! பணம் புழங்குற இடத்தில் டூப்ளிகேட்டும் வருமே? சாதா ஃபால்கனுக்கு ஸ்டிக்கர் ஒட்டி ஜி.டி.னு ஏமாத்துறவங்களும் உண்டு. அதான் விவரமான ஆளுங்க பெயின்ட்டைப் பார்த்து மயங்கிடாம, சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒத்துப்போகுதானு முதல்ல பார்ப்பாங்க.

எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். 'யார் வேணும்னாலும் வாங்கலாம்'கிற ரூலால பிறந்த கார், இன்னிக்குக் கோடீஸ்வரர் மட்டுமே தொடக்கூடிய கார். மலையேறப் பிறந்தது, மீட்டர் ஏறினா விலை இறங்கிடுமேனு பூட்டின கராஜில் தூங்குது.

உங்க கையில் சாவி கிடைச்சா, ஓட்டுவீங்களா, பூட்டி வைப்பீங்களா? நான் டேங்கை ஃபுல் பண்ணிட்டு நேரா பாத்தர்ஸ்ட்தான். 60-ஐத் தாண்டாமல், சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டே ஒரு ரவுண்டு!