சிற்றிலும் மேசையும்

மணலைக் குவித்து வீடு என்பதும், கொட்டாங்கச்சியில் மண்ணை நிறைத்துச் சோறு என்பதும் தமிழ்க் குழந்தைகளின் தொன்மையான ஆட்டங்கள். இலக்கியம் அவற்றைச் சிற்றில் என்றும் சிறுசோறு என்றும் பெயரிட்டுப் போற்றியது. கைத்தறி நெசவு நடக்கும் சுந்தரபாண்டியத்தின் தெருக்களிலும், அருகிலுள்ள திருவில்லிபுத்தூர், இராசபாளையம் நகர்களிலும் அவை கடை விளையாட்டாகவும் ஆசிரியர் விளையாட்டாகவும் உருமாறி வாழ்கின்றன. அங்கே இலையே பணத்தாள், கூழாங்கல்லே காய்கறி. தான் அல்லாத இன்னொருவராகச் சிறிது நேரம் வாழ்ந்து பார்ப்பதே இவ்வாட்டங்களின் உயிர்.

அவ்வுயிரை மேசைமேல் கொண்டு வந்தது வேறொரு விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ அவ்வகையின் முன்னோடி. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரர், மந்திரவாதி, திருடர் என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். “குகை வாயிலில் பூதம் உறங்குகிறது, என்ன செய்வீர்கள்?” என்று கதை நடத்துபவர் கேட்பார். போரிடுவதா, பேசுவதா, ஓசையின்றிக் கடப்பதா என்பதை ஆடுவோரே முடிவு செய்வர். முயற்சி பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். இதன் இன்றைய தொடக்கநிலைப் பெட்டிகள் 12 வயது நிரம்பியோர்க்கு உரியவை எனக் குறிக்கப்படுகின்றன. எனில், ஏழெட்டு வயதுக் குழந்தைகள் இதனை ஆட விரும்பினால் பெற்றோர் உடனமர வேண்டுமா?

வேண்டியதில்லை என்போர்க்கு ஆண்டாளே சான்றாவார். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில், தாங்கள் வருந்தி இழைத்த மணல் வீட்டைக் கலைக்க வரும் கண்ணனிடம் சிறுமியர் நேராக முறையிடுகின்றனர். வழக்கைத் தீர்க்கப் பெற்றோரை அழைக்கவில்லை. கெஞ்சியும் கடிந்தும் தாமே வாதிடுகின்றனர். பிள்ளைத்தமிழ் இக்காட்சியை ஆண்பாற் பருவங்கள் பத்தனுள் ஒன்றாகவே ஆக்கிக்கொண்டது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியிலும் சிற்றிலைக் காலால் சிதைத்துப் பந்தைப் பறித்தோடிய சிறுவன் ஒருவன் உண்டு. அவன் வளர்ந்து, நீர் கேட்டு வீட்டு வாயிலில் நின்று தலைவியின் கையைப் பற்ற, அவள் அலறுகிறாள். அன்னையும் அலறி ஓடிவருகிறாள். அழைத்தால் வரும் தொலைவில் அன்னை இருந்தாள் என்பதையும் அப்பாடல் காட்டிவிடுகிறது.

தெருவில் வழிகாட்டியே இல்லை என்று கொள்வதும் பிழை. ஐந்து வயதுத் தம்பிக்கு விதியைச் சொல்லிக் கொடுத்தவள் பத்து வயது அக்காள். மாற்றி ஆடியவனை ‘அழுகுணி’ என்று விலக்கியவளும், அவன் அழுதபோது மீண்டும் சேர்த்துக்கொண்டவளும் அவளே. பெரியவரின் துணையாலோ தன்னினும் திறன்மிக்க தோழரின் துணையாலோ குழந்தை தன்னால் தனியே இயலாததை எட்டுகிறது என்றார் உருசிய உளவியலறிஞர் வைகாட்ஸ்கி. அத்தோழர் தெருவிலேயே கிடைத்த காலத்தில் பெற்றோர் திண்ணையில் அமர்ந்திருந்தால் போதும். மேசை விளையாட்டின் நிலை வேறு. அதன் விதிகள் தடித்த ஆங்கில நூல்களில் இருக்கின்றன. கதையை நடத்த ஒருவர் வேண்டும். அக்கதையில் பூதம் வரும், போர் வரும், ஏற்ற பாத்திரம் இறந்தும் போகலாம். இவ்விடத்தில் சிறு குழந்தைக்கு மூத்தவர் துணை தேவை என்பதை மறுக்க இயலாது.

அத்துணை அச்சத்தால் எழுந்ததாக இருத்தல் கூடாது. 1980களில் அமெரிக்கப் பெற்றோர் சிலர் இவ்விளையாட்டு பிள்ளைகளை மாந்திரீகத்தில் தள்ளிவிடும் எனக் கூறி இயக்கமே நடத்தினர், அக்குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. இங்கு நேரக்கூடிய தீங்கு வேறு. “அந்தக் கதவைத் திறக்காதே, இந்த வாளை எடு” என்று தந்தை சொல்லத் தொடங்கினால் ஆடுபவர் தந்தை. பகடையை உருட்டும் கை மட்டுமே பிள்ளையுடையது. தேர்வுக்குப் படிக்க வைப்பது போலவே விளையாடவும் வைக்கும் வீடுகளில் இது எளிதில் நேரும். பெரியாழ்வார் செய்தது இதற்கு மாறானது. கண்ணனின் குழந்தைமையைப் பாட அவர் யசோதையாகத் தாமே மாறினார். மேற்பார்வையாளராக நிற்காமல் ஒரு பாத்திரமாக உள்ளே வரும் பெரியவரைக் குழந்தைகள் விரும்பி ஏற்பர்.

அப்பெரியவர் பெற்றோராகவே இருக்க வேண்டுவதில்லை. தறியிலிருந்தும் ஆலையிலிருந்தும் களைத்து வரும் பெற்றோர்க்கு அதற்கான பொழுது வாய்ப்பதும் அரிது. மேல்நிலை வகுப்பில் பயிலும் அக்காளோ அண்ணனோ இப்பணிக்குப் பொருத்தமானவர். விதியைப் புரிந்துகொள்ளும் அகவையும் விளையாட்டை மறவாத மனமும் ஒருங்கே உடையவர். ஆங்கில நூல் இல்லாமலே தொடங்கலாம். ஆறுமுகப் பகடை ஒன்றும் அரைப்பக்கத் தமிழ் விதிகளும் போதும். களத்துக்குத் தொலைவில் செல்ல வேண்டா. 1988இல் திருவில்லிபுத்தூரில் அமைந்த சாம்பல்நிற அணில் சரணாலயம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் யானையும் இருவாச்சியும் இருக்கின்றன. பூதம் அச்சுறுத்துமெனில் அதற்கு உறக்கத்தைக் கொடுக்கலாம். குழந்தையின் முகம் வாடுமெனில் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் கொடுக்கலாம். அணிலாக ஆடும் ஏழு வயதுச் சிறுமி, யானையைக் கண்டு ஓடாமல் அதற்கு வழிகாட்டத் துணிந்தால், கதை நடத்தும் அக்காள் தான் எழுதி வைத்த முடிவை மடித்து வைத்துவிட்டு, யானை என்ன மறுமொழி சொல்லும் என்று எண்ணத் தொடங்க வேண்டும்.